பிள்ளைகள் ஆன்லைனில் பாதுகாப்பாக இருக்க: போன் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குத் தனியாகப் போன் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் போனே பாதி நேரம் அவர்கள் கையில்தான் இருக்கும். எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று புரியாமல் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கும் பொறுமை இருந்தால் போதும்.

பூட்டுகள், வடிகட்டிகள், கண்காணிப்பு வசதிகள் எல்லாம் தேவைதான். அவற்றை எப்படிப் போடுவது என்று பின்னால் வருகிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆன்லைனில் வரும் சிக்கல் ஆரம்பத்திலேயே முடியாமல் பெரிதாகிப் போக முக்கியக் காரணம், அதை வீட்டில் சொல்லப் பயப்படுவதுதான். 'அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்', 'அம்மா போனைப் பிடுங்கிடுவாங்க' என்ற பயம். பிள்ளைகளை மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான். அதனால் முதல் வேலை போனில் இல்லை.

முதலில் ஒரு வாக்குக் கொடுங்கள்

அவசரமில்லாத ஒரு நேரத்தில் பிள்ளையை உட்கார வைத்து, உங்கள் வாயால் நேராகச் சொல்லுங்கள்: "போன்ல எது நடந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு. தப்பு உன் பேர்லயே இருந்தாலும் பரவாயில்லை. சொன்னதுக்காகத் திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன். முதல்ல ரெண்டு பேரும் சேர்ந்து பிரச்சினையைச் சரி பண்ணுவோம். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

இதை ஒரு தடவை சொன்னால் போதாது. அவர்கள் உடனே நம்பவும் மாட்டார்கள். சின்ன விஷயங்களில் உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒரு நாள், "கிளாஸ் குரூப்ல யாரோ ஒரு அசிங்கமான வீடியோ போட்டாங்க" என்று பிள்ளை வந்து சொல்லும். "நீ ஏன் அதையெல்லாம் பார்க்கறே?" என்று கேட்டீர்களானால் அடுத்த விஷயம் உங்கள் காதுக்கு வராது. "நீ சொன்னது நல்லதாப் போச்சு. பார்த்ததும் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதறாமல் கேட்பது கஷ்டம்தான். உள்ளே பதறினாலும் முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் சொல்ல முடியாத விஷயமும் இருக்கலாம். அதற்கு இன்னொரு பெரியவரை இப்போதே சேர்ந்து தேர்ந்தெடுங்கள். சித்தி, மாமா, நம்பிக்கையான ஆசிரியர் என்று பிள்ளையே ஒருவர் பெயரைச் சொல்லட்டும். அவரிடமும் விஷயத்தைச் சொல்லி, எதற்காக இந்த ஏற்பாடு என்று விளக்கிவிடுங்கள்.

தினசரிப் பேச்சிலும் ஒரு மாற்றம் வேண்டும். "போன்ல என்னதான் பண்றே?" என்பது விசாரணை மாதிரி ஒலிக்கும், பதிலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். அவர்கள் விளையாடும் கேமை உங்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். தோற்றுக்கொண்டே விளையாடுங்கள். அந்த கேமில் யார் யாரோடு பேச முடிகிறது, யாரெல்லாம் கோரிக்கை அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் நீங்கள் கேட்காமலே கண்ணில் படும்.

பிறந்த வருடத்தை மாற்றிப் போடாதீர்கள்

பெரும்பாலான சமூக ஊடகங்களில் குறைந்தபட்ச வயது 13. குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் உட்கார்ந்து முடிவு செய்த வயது இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைச் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்கா 1998-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று நிறுவனங்கள் 13-ஐ எல்லையாக வைத்துக்கொண்டன. ஆகவே 13 ஆனதும் பிள்ளை எல்லாவற்றுக்கும் தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க 16 வயதாக வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதில் கணக்கு தொடங்க 18 என்று போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பல வீடுகளில் பெற்றோரே போட்டுக் கொடுக்கிறார்கள். அதன் விளைவு அப்போது தெரியாது. பிள்ளைக்கு 13 ஆகும்போது அந்தக் கணக்குக்கு 21. பதின்வயதினருக்கென்று அந்த நிறுவனம் வைத்திருக்கும் எந்தப் பாதுகாப்பும் அந்தக் கணக்குக்குக் கிடைக்காது. முன்பின் தெரியாத பெரியவர்கள் செய்தி அனுப்பலாம், பெரியவர்களுக்கான விளம்பரங்கள் வரும், கணக்கு எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். இன்றே பிள்ளையின் ஒவ்வொரு கணக்கிலும் பிறந்த தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள். திருத்த முடியவில்லையென்றால் கணக்கை நீக்கிவிட்டு, உரிய வயது வந்ததும் சரியான தேதியோடு புதிதாகத் தொடங்கட்டும். இருக்கும் ஃபாலோயர்கள் போய்விடுவார்கள் என்று பிள்ளை அழுதாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

மழலைகளுக்கு அளவே வேறு. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

ஒரு மாலை ஒதுக்கி போனைச் சரி செய்யுங்கள்

பிள்ளை தூங்கிய பிறகு ரகசியமாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எதை ஏன் மாற்றுகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பாதி இடங்களில் அவர்களே உங்களுக்கு வழி காட்டுவார்கள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் பிள்ளை பெயரில், சரியான வயதோடு, தனி கூகுள் கணக்கு உருவாக்குங்கள். உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு அந்தக் கணக்கை இணையுங்கள். அதன்பின் பிள்ளை ஏதாவது ஆப்பை இறக்க நினைத்தால் அனுமதி கேட்டு உங்கள் போனுக்குச் செய்தி வரும். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போகிறது என்பதும் தெரியும். இரவு குறிப்பிட்ட நேரத்தில் போன் தானாகப் பூட்டிக்கொள்ளவும் வைக்கலாம்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம். ஃபேமிலி ஷேரிங்கில் பிள்ளையின் கணக்கைச் சேர்த்தால் உங்கள் போனிலிருந்தே இதை நடத்தலாம். ஸ்கிரீன் டைமுக்கு என்று தனி பாஸ்கோடு கேட்கும். போனைத் திறக்கும் எண்ணையே அதற்கும் போட்டால் ஒரு வாரத்தில் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதே இடத்தில் கம்யூனிகேஷன் சேஃப்டி என்று ஒரு வசதி இருக்கிறது. நிர்வாணப் படம் ஏதாவது வந்தாலோ, பிள்ளை அனுப்பப் போனாலோ, அதை மங்கலாக்கி எச்சரிக்கை காட்டும். இந்தச் சோதனை போனுக்குள்ளேயே நடப்பதால் படம் ஆப்பிளுக்குப் போவதில்லை. அது இயங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் போனையே குழந்தையிடம் கொடுக்கிறீர்களா? ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ் என்ற வசதிகள் உண்டு. ஒரே ஆப்பில் திரையைப் பூட்டிவிடும். குழந்தை அதைவிட்டு வெளியே வந்து உங்கள் வங்கிச் செயலியையோ அலுவலக மெயிலையோ திறக்க முடியாது. பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். கார்டு விவரத்தைப் பிள்ளையின் கணக்கில் சேமித்து வைக்கவே வேண்டாம்.

யூடியூபுக்கு வருவோம். சின்னக் குழந்தைகளுக்கு யூடியூப் கிட்ஸ் தனி ஆப். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்குப் பெற்றோர் மேற்பார்வைக் கணக்கு. அதில் வயதுக்கு ஏற்ப மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலுமே ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். தேடிப் பார்த்த வீடியோவைவிட, தானாக ஓடிவரும் அடுத்ததும் அதற்கடுத்ததும்தான் எங்கெங்கோ கொண்டுபோய் விடுகின்றன.

வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிட வேலை. செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய், குரூப்ஸ் என்ற இடத்தில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் யாரென்றே தெரியாதவர்கள் குரூப்பில் இழுத்துப் போட முடியாது. புரொஃபைல் படத்தையும் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யவும் அங்கேயே வழி இருக்கிறது. அப்புறம் அக்கவுன்ட் பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். ஓடிபி யாரிடமாவது போய்விட்டாலும் கணக்கைத் திருடுவது கடினம்.

இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்வயதினருக்கான கணக்கு முறையைத் தொடங்கியது. 18-க்குக் கீழே என்றால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆக இருக்கும், தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16-க்குக் கீழே உள்ளவர்கள் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். மேற்பார்வையை இணைத்துக்கொண்டால், பிள்ளை யாரோடு பேசியது என்ற பட்டியல் தெரியும். என்ன பேசியது என்பது தெரியாது. அந்த அளவு போதும் என்பது என் கருத்து. ஸ்னாப்சாட், டிஸ்கார்ட் இரண்டிலும் ஃபேமிலி சென்டர் என்ற பெயரில் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது. ஸ்னாப்சாட்டில் கூடுதலாக ஒன்று: அதன் வரைபடத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று நண்பர் பட்டியலில் இருப்பவர்கள் பார்க்கலாம். கோஸ்ட் மோடைப் போட்டு அதை மறைத்துவிடுங்கள்.

வீட்டு வைஃபைக்கும் ஒரு வடிகட்டி போடலாம். ரூட்டர் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, அதற்கடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்று போடுங்கள். இது கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இலவசக் குடும்பச் சேவை. ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் தடுக்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது வேலை செய்யாது, விபிஎன் (இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) போட்டாலும் தாண்டிவிடலாம். சமூக ஊடகங்களுக்குள் வருவதையும் இது தொடாது. தற்செயலாகப் போய் விழுவதைத் தடுக்கும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் போன் எங்கே தூங்குகிறது?

ஒரே ஒரு விதிதான் போட முடியும் என்றால் நான் இதைத்தான் போடுவேன்: இரவில் எந்தப் போனும் படுக்கையறையில் இருக்கக் கூடாது. எல்லாப் போன்களும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். உங்கள் போனும் சேர்த்துத்தான். தூக்கம் கெடுவது ஒரு பக்கம். அந்நியர்களின் பேச்சும் மிரட்டலும் எல்லோரும் தூங்கிய பிறகு, பிள்ளை தனியாக இருக்கும் நேரத்தில்தான் சுலபமாக எல்லை மீறும். 'அலாரம் வைக்கப் போன் வேணும்' என்று சொன்னால் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

கேம்கள்

கேம் என்று நாம் நினைப்பது, பிள்ளைகளுக்குப் பேசிப் பழகும் இடமும்கூட. ராப்லாக்ஸ் போன்றவற்றில் உங்கள் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, யார் அரட்டையடிக்கலாம், எவ்வளவு செலவழிக்கலாம், எந்த வயதுக்கான விளையாட்டுகள் திறக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம். வாய்ஸ் சாட்டைச் சின்னப் பிள்ளைகளுக்கு அணைத்தே வையுங்கள். 'இலவச காயின்', 'இலவச ஸ்கின்' என்று யார் எந்த லிங்க் கொடுத்தாலும் அது பாஸ்வேர்டு திருடத்தான் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கட்டித் திறக்கும் பெட்டிகள் சில கேம்களில் உண்டு. அவை சூதாட்டத்தின் முறையிலேயே வேலை செய்கின்றன என்பதையும் பிள்ளைக்குப் புரியும்படி விளக்குங்கள்.

அன்பாகப் பேசும் அந்நியர்

'தெரியாதவங்க கூடப் பேசாதே' என்ற அறிவுரை இங்கே உதவாது. மூன்று வாரம் தினமும் சேர்ந்து விளையாடிய ஒருவர் பிள்ளையின் கணக்கில் தெரியாதவரே இல்லை. எப்படிப்பட்ட ஆள் என்று தேடச் சொல்வதைவிட, பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் நகரும்:

"செமயா விளையாடறே! எந்த கிளாஸ் படிக்கறே?"

"உங்க வீட்ல ரொம்ப ஸ்ட்ரிக்டா? பாவம்டா நீ. என்கிட்ட எது வேணா சொல்லலாம்."

"இங்க சரியா பேச முடியல. உன் நம்பர் குடு, வேற ஆப்ல பேசலாம்."

"நாம பேசறது யாருக்கும் தெரிய வேணாம். அவங்களுக்கெல்லாம் புரியாது."

"உன் போட்டோ ஒண்ணு அனுப்பேன், ப்ளீஸ்."

தனித்தனியாகப் பார்த்தால் முதல் இரண்டு வரிகளில் ஒன்றுமே இல்லை. ஒரு நல்ல நண்பனும் அப்படிப் பேசுவான். மூன்றாவது வரியில், கண்காணிப்பு இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கூப்பிடுகிறார். நான்காவதில் ரகசியம் காக்கச் சொல்கிறார். இந்த இரண்டில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். இடையில் கேமுக்குள் பரிசு வாங்கிக் கொடுப்பதும் நடக்கும். வாங்கிக்கொண்ட பிள்ளை, கேட்டதை மறுக்க முடியாமல் தவிக்கும். அதற்கும் ஒரு பதிலைச் சொல்லிக்கொடுங்கள்: 'பரிசு வாங்கினா பதிலுக்கு எதுவும் செய்யணும்னு கிடையாது.'

மேலே உள்ள ஐந்து வரிகளைப் பிள்ளையிடம் அப்படியே காட்டி, 'இதுல எந்த இடத்துல உனக்கு இடிக்குது?' என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அறிவுரையைவிட இது நன்றாக வேலை செய்யும். அவர்களுக்குத் தெரிந்த வேறு உதாரணங்களும் அந்தப் பேச்சில் வெளியே வரலாம்.

அந்நியர்களோடு நேரடியாக வீடியோவில் இணைக்கும் தளங்கள் ஒருபோதும் வேண்டாம். அவற்றில் பிரபலமான ஓமேகிள், துஷ்பிரயோகப் புகார்களுக்கும் வழக்குகளுக்கும் நடுவே 2023 நவம்பரில் மூடப்பட்டது. அதே மாதிரி வேறு தளங்கள் இன்னும் இருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவு கொண்டுவந்த புதுத் தொல்லைகள்

சாதாரணப் படம் ஒன்றிலிருந்து போலி நிர்வாணப் படம் உருவாக்கும் செயலிகள் வந்துவிட்டன. இதில் மாட்டிக்கொள்ள பிள்ளை எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. பள்ளி விழாவில் எடுத்த படம் போதும். பெண் பிள்ளைகளிடம், 'போலியா இருந்தாலும் இது உனக்கு நடந்த குற்றம்தான், உடனே சொல்லு' என்று சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளிடமும் பேச வேண்டும். விளையாட்டாக ஒரு வகுப்புத் தோழியின் படத்தை அப்படி மாற்றுவது அவளுக்குச் செய்யும் கொடுமை, பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. இந்த இரண்டாவது பேச்சைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று, நண்பன் போலவும் காதலி போலவும் பேசும் சாட்பாட்கள். தனிமையில் இருக்கும் பிள்ளை மனக்கஷ்டத்தை எல்லாம் அதனிடமே கொட்டும். இப்படிப் பேசும் கற்பனைப் பாத்திரங்களை வழங்கும் கேரக்டர் ஏஐ நிறுவனம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பாத்திரங்களோடு தடையின்றி உரையாடுவதை 2025 நவம்பரில் நிறுத்தியது. சாட்ஜிபிடி 2025 செப்டம்பரில் பெற்றோர் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. உங்கள் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, பயன்படுத்தக் கூடாத நேரத்தை அதில் வைக்கலாம். பிள்ளை எந்தச் சாட்பாட்டைப் பயன்படுத்துகிறது, எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாடத்தில் சந்தேகம் கேட்பதும் ராத்திரி பதினொரு மணிக்கு மனசு விட்டுப் பேசுவதும் ஒன்றில்லை.

கேலியும் ஒதுக்கிவைத்தலும்

குரூப்பில் கிண்டல், போலிக் கணக்கு தொடங்கி அவமானப்படுத்துவது, எல்லோரும் இருக்கும் குரூப்பிலிருந்து ஒருவரை மட்டும் நீக்குவது. இதில் பெரும்பாலும் எதிரில் இருப்பது கூடப் படிக்கும் பிள்ளைதான். பதில் போட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்தக் கணக்கைப் புகார் செய்து பிளாக் செய்யுங்கள், பள்ளியில் பேசுங்கள். கோபத்தில் நேராக அந்தப் பிள்ளையின் பெற்றோருக்குப் போன் போட்டுவிடாதீர்கள். மறுநாள் வகுப்பில் அதன் பலனை அனுபவிப்பது உங்கள் பிள்ளை. என்ன செய்யலாம் என்று முதலில் பிள்ளையிடமே கேளுங்கள்.

வேவு பார்ப்பது பற்றி

பிள்ளைக்குத் தெரியாமல் போனில் உளவுச் செயலி போடலாமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். அப்படிப்பட்ட செயலிகள் பிள்ளையின் படங்களையும் செய்திகளையும் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் கொண்டுபோய் வைக்கின்றன. அங்கிருந்து கசிந்தால் என்ன செய்வீர்கள்? அதோடு, ஒரு நாள் பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் கொடுத்த வாக்கும் அன்றோடு போயிற்று. எட்டு வயதுக்கு எல்லாவற்றையும் பாருங்கள், பார்ப்பதைச் சொல்லிவிட்டே பாருங்கள். பன்னிரண்டில் ஆப்களும் தொடர்புப் பட்டியலும் தெரிந்தால் போதும். பதினாறில் பெரும்பாலும் பேச்சுதான். வளர வளர எது தளரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் சண்டை குறையும். உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் போனைத் திறந்து பாருங்கள்.

நீங்கள் போடும் படங்களையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், பிறந்த தேதி, தினமும் போகும் பயிற்சி வகுப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைத்தால், பிள்ளை எங்கே, எப்போது இருக்கும் என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்களே சொல்லிக் கொடுத்தது போலத்தான். பத்து வயதுக்கு மேல் என்றால், படம் போடுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

படத்தைக் காட்டி மிரட்டினால்

பதின்வயதுப் பையன்களைக் குறிவைத்து நடக்கும் ஒரு மோசடி இருக்கிறது. தன் வயதுப் பெண் போல ஒரு கணக்கு வந்து பழகும். அதுவே ஒரு நிர்வாணப் படம் அனுப்பி, பதிலுக்கு அவன் படத்தைக் கேட்கும். பையன் அனுப்பிய அடுத்த நிமிடம் பேச்சின் தொனி மாறும்: பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் ஃபாலோயர்கள் எல்லோருக்கும் போகும். அவர்கள் பெயர்ப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் காட்டுவார்கள். முதல் செய்தியிலிருந்து மிரட்டல் வரை எல்லாம் ஒரே இரவில்கூட நடந்து முடிந்துவிடும். பின்னால் இருப்பது பெரும்பாலும் எங்கோ உட்கார்ந்து பல பேரிடம் ஒரே நேரத்தில் இதைச் செய்யும் கும்பல். அவமானத்தில் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. உங்கள் மகனுக்கு இந்தத் தந்திரத்தை முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள். தெரிந்துவைத்திருப்பவன் சிக்குவது குறைவு, சிக்கினாலும் ஓடிவந்து சொல்வான்.

பிள்ளை வந்து சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'ஏன் அனுப்பினே?' என்று கேட்காதீர்கள். "சொன்னியே, அது போதும். இதை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் வரிசையாக:

பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்த தொகை கேட்டு வரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இத்தோடு நிறுத்துங்கள், வங்கிக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், புரொஃபைல் லிங்க், பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் அந்த நிர்வாணப் படத்தை மட்டும் ஆதாரம் என்று யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், உறவினருக்கும் வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவரின் அத்தகைய படத்தைப் பகிர்வது பெரும்பாலான நாடுகளில் குற்றம், நோக்கம் நல்லதாக இருந்தாலும்.

பதில் பேச்சை நிறுத்துங்கள். கெஞ்சுவதும் வேண்டாம், மிரட்டுவதும் வேண்டாம். அந்த ஆப்பிலேயே புகார் செய்துவிட்டு பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் கணக்கை நீக்கிவிடாதீர்கள், விசாரணைக்குத் தேவைப்படும். கொஞ்ச நாள் செயலிழக்க வைத்தால் போதும்.

சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணையும் அழையுங்கள். இரண்டு எண்களையும் இன்றைக்கே தேடி உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் சேமித்து வைத்துவிடுங்கள். பதறும் நேரத்தில் தேட முடியாது.

படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் 2023-இல் தொடங்கியது. பெயர் கொடுக்க வேண்டாம். படத்தை அனுப்பவும் வேண்டாம். உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை போல ஒரு குறியீடு உருவாகும்; அந்தக் குறியீடு மட்டும்தான் வெளியே போகும். இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அதை வைத்து, யாராவது அந்தப் படத்தை ஏற்றினால் கண்டுபிடித்து நீக்க முடியும். வாட்ஸ்அப் போல மறையாக்கம் செய்யப்பட்ட (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடிகிற) செய்திகளில் இது வேலை செய்யாது. 18 வயது தாண்டியவர்களுக்கு இதே முறையில் ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை உண்டு.

அன்றிரவு பிள்ளையைத் தனியாகத் தூங்க விடாதீர்கள். அடுத்த சில வாரங்கள் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்குப் போவது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாங்கிய போனைத் திரும்பக் கொடுங்கள். பாஸ்வேர்டுகளைச் சேர்ந்து மாற்றுங்கள், தெரியாத ஃபாலோயர்களைச் சேர்ந்து நீக்குங்கள். மிரட்டியவன் வேறு கணக்கிலிருந்து திரும்ப வரலாம். வந்தால் பதில் போடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஏற்கெனவே கொடுத்த புகாரின் எண்ணோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.